பச்சைப் போனின் இடது பக்கம்

தப்பா நெனைச்சுக்காதீங்க. பஸ்ஸு குழியில எறங்கறப்பெல்லாம் பையிக்குள்ள இருந்து மணிச் சத்தம் வருதேனு நீங்களும் உடுமலைல இருந்து திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க. பயப்படற சாமான் ஒண்ணுமில்லீங்க. டெலிபோனு. விரலை உட்டுச் சுத்தறது. கீழ வெச்சா இவன் ஓட்டற ஓட்டுக்கு ஒடைஞ்சு போயிரும், அதான் மடியில வெச்சிருக்கறேன்.

பாக்கறீங்களா? சித்தெ அந்தத் துணியை வெலக்குங்க. பச்சை. பாத்தீங்களா? இந்த மாதிரிப் போனுன்னா கருப்புத்தானுங்க வரும். ஆபீசு, போஸ்டாபீசு, எங்க பாத்தாலும் கருப்பு. பச்சைக் கலரு பெரிய பங்களாக்காரங்க சொல்லி வெச்சு வாங்கினது. கோயமுத்தூரு ரேஸ்கோர்ஸ்ல ஒரு பல் டாக்டர் இருக்கறாரு, பழைய சாமானம் சேக்கறவரு, அவரு பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுங்களா? இத்தனை வருஷத்துல இந்தக் கலரை நான் ரெண்டே ரெண்டுதான் பாத்திருக்கறேன், அந்த ரெண்டும் ஓடாதுன்னாரு. இது ஓடும். நான் ஓட வெச்சேன். நாலு மாசம்.

அந்த நாலு மாசத்துக்கு என்ற சம்சாரம் எனக்குச் செஞ்ச மருவாதியைக் கேளுங்க. நீங்களே நாயத்தைச் சொல்லுங்க.

எனக்குக் கோயமுத்தூரு கணபதியில மோட்டார் வைண்டிங் பட்டறைங்க. முப்பத்தஞ்சு வருஷமா. குப்புராஜ் வைண்டிங்னா அந்தப் பக்கம் கெணத்து மோட்டாரு வெச்சிருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். இப்ப மகன் பாத்துக்கறான், நான் ஒருக்கா போயி எட்டிப் பாத்துட்டு வருவேன். சும்மா உக்காந்திருக்கற ஆளு இல்லீங்க நான். கையில ஏதாச்சும் வேலை இருக்கோணும்.

போன தை மாசம் என்ற சம்சாரத்தோட தம்பி, மச்சினன் கிட்டுசாமி, உடுமலையில அவிங்கப்பன் கட்டின பழைய ஊட்டை இடிச்சுக் கட்டறேன்னு சொல்லி, உனக்கு வேணுங்கறதை எடுத்துக்கோன்னு அக்காளுக்குச் சொல்லி உட்டான். அதிசயந்தான். இருபத்திநாலு வருஷமா அக்காளும் தம்பியும் மொகங்குடுத்துப் பேசறதில்லீங்க. கல்யாணம் காச்சின்னா வருவான், வாங்கன்னுவான், போயிருவான். இவ போனா. அண்டா குண்டா எல்லாம் கெடந்துது, ஒரு தேக்குப் பீரோ இருந்துது. எல்லாத்தையும் உட்டுப்போட்டு இந்தப் போனை மட்டும் சீலைல சுத்தி எடுத்துட்டு வந்தா.

போனு அவிங்கப்பனுது. ஆறுச்சாமின்னு பேரு. ஒரு பஞ்சு மில்லுல போர்டு ஆப்பரேட்டரு. வர்ற போனையெல்லாம் எடுத்து அந்தந்த ரூமுக்குத் தாட்டி உடற வேலை. மில்லு மூடறப்ப, மொதலாளி பங்களாவுல இருந்ததை அவருகிட்டக் குடுத்துட்டாங்க. அவரும் ஊட்டுல லைன் வாங்கி இதையே மாட்டிக்கிட்டாரு. அப்பறம் சக்கரை வந்து கண்ணு ரெண்டும் போயிருச்சு. அதெல்லாம் வயசானா வர்றதுதானுங்களே.

வந்த அன்னைக்கே பாத்தேன். டயலு பாதி சுத்துல நின்னுக்கும். உள்ள இருக்கற கிரீஸு பிசினாட்டம் ஆயிருந்துது. பேசற குழாய்ல கரித்தூளு கட்டி பட்டுப் போச்சு. மணியை அடிக்க வெக்கற கம்பிச் சுத்து, காயிலுங்க, ரெண்டும் அத்துப் போயிருந்துது. நான் சொன்னேன், தெய்வானை, இதை நான் புதுசாட்டம் பண்ணித் தர்றேன் பாருன்னு. அவ என்ன சொல்லோணும்? சரிங்கன்னு சொல்லோணுமா இல்லையா?

"வேண்டாங்க. இப்படியே இருக்கட்டும்"னா.

நான் சிரிச்சேன். பொம்பளைகளுக்கு மெசின் சமாச்சாரம் என்னங்க தெரியும்.

அப்பத்தான் அதோட இடது பக்கத்தைத் திருப்பி எனக்குக் காட்டினா. ஆணியோ கோணூசியோ எதுலயோ, நெம்ப ஆழமா, பெருசு பெருசா நம்பர் கீறியிருந்துது. சைபர் நாலு ரெண்டு ரெண்டுன்னு கோயமுத்தூர் கோடு, அதுக்குக் கீழ ஆறு எண்ணு.

"ஏனுங்க, இது நம்ம பட்டறை நம்பருதானுங்களே?"ன்னா.

"எது?"ன்னேன்.

"இங்க கீறியிருக்குதே."

"பழைய சாமானத்துல ஆயிரங் கீறல் இருக்கும், போயி வேலையைப் பாரு"ன்னேன்.

பட்டறை நம்பருதானுங்க. எனக்குத் தெரியாதுங்களா? இருந்துட்டுப் போவுது. என்ற நம்பரை எவன் எங்க கீறி வெச்சா எனக்கென்ன?

சரி, வேலையை ஆரம்பிச்சேன். டயலுக்குள்ள ரெண்டு சின்ன எடை இருக்குதுங்க, கடுகு சைஸு. அது சுத்தற சுத்துலதான் டயலு ஓடாம நிதானமாத் திரும்பி வரும். அதைக் கழட்டிப் பெட்ரோல்ல ஊற வெச்சுக் கழுவறதுக்கே ஒரு வாரம். மணிக் காயில் கம்பி தலைமசுரை விட மெல்லிசுங்க. மூச்சு உட்டா அந்து போகும். ஆயிரக்கணக்குல சுத்தோணும். ஃபேனைப் போட மாட்டேன், வேர்த்து ஒழுகும், அவ சோத்துக்குக் கூப்புடுவா, நான் எண்ணிட்டிருப்பேன், பதில் சொன்னா எண்ணிக்கை தப்பிரும். ரெண்டு தாட்டி அப்படித் தப்பி, மூணாவது தாட்டி அவகிட்ட, நான் எண்ணறப்ப வாயைத் தொறக்காதேன்னு கத்திப்போட்டேன். அதுக்கப்பறம் அவ கூப்புடறதே இல்லை. தட்டை வெச்சு மூடிட்டுப் போயிருவா.

அது கெடக்குதுங்க. விசயம் என்னன்னா, மேல் கூட்டைத் தண்ணி எமரித் தாளு போட்டுத் தேய்க்கறதுக்கு எடுத்தப்ப அவ வந்து நின்னா.

"அந்தப் பக்கத்தை மட்டும் தொடாதீங்க"ன்னா.

"ஏன்?"

"தொடாதீங்க. அவ்வளவுதான்."

நீங்களே சொல்லுங்க சார். மூணு பக்கம் கண்ணாடியாட்டம் இருக்குது, ஒரு பக்கம் மட்டும் தேமல் புடிச்ச மாதிரி இருந்தா அது வேலைங்களா? அந்த டாக்டரு பாத்தா என்ன சொல்லுவாரு? தேய்ச்சேன். மத்த மூணு பக்கமும் ஒரே நாள்ல முடிஞ்சுது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மூணு நாள் புடிச்சுது. அத்தனை ஆழமாக் கீறியிருந்தாரு மனுசன். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா மறுபடியும் லேசாத் தெரியும், மறுபடியும் தேய்ப்பேன். விரலு வெச்சுத் தடவினா ஒண்ணுமே தட்டுப்படக் கூடாதுன்னு தேய்ச்சேன். என்ற வேலை அப்படிங்க. பாதியில உட மாட்டேன்.

பொள்ளாச்சி வந்துருச்சுங்க. பத்து நிமிசம் நிப்பாட்டுவான். எறங்கறீங்களா? இல்லியா, சரி, உக்காருங்க. நானும் எறங்கலை. இதைத் தூக்கிட்டு யாரு எறங்கறது.

முடிச்சு, பக்கத்து ஊட்டு லைன்ல இருந்து ஒயரு இழுத்து எங்கூட்டுல மாட்டி, என்ற செல்போன்ல இருந்து அடிச்சேன். மணி அடிச்சுது பாருங்க, அந்த மாதிரி மணியை இப்பத்த போன்ல நீங்க கேக்கவே முடியாது. ஊடே அதிர்ந்துது. தெய்வானை, ஓடி வா, உங்கப்பன் போனு அடிக்குதுன்னு கூப்புட்டேன். கையைத் தொடைச்சுட்டே வந்தா. டயலைப் பாக்கலை. மணியைக் கேக்கலை. நேரா அந்தப் பக்கத்துல விரலை வெச்சுத் தடவினா. மேல இருந்து கீழ. மறுபடியும் மேல இருந்து கீழ.

"எங்கீங்க?"ன்னா.

"எது எங்க?"

"நம்பரு."

"தேய்ச்சாச்சு. இப்ப எப்படி இருக்குது பாரு"ன்னேன்.

"தொடாதீங்கன்னு சொன்னேனே. மூணு தாட்டி சொன்னேனே."

அழுவான்னு பாத்தா அழுகலை. அது எனக்கு இன்னும் எரிச்சல். நாலு மாசம் கண்ணு அவிஞ்சு போற மாதிரி ஒரு வேலையைச் செஞ்சு வெச்சா, நல்லா இருக்குதுங்கன்னு ஒரு வார்த்தை வராதுங்களா வாயில? அந்தக் கோவத்துல சொல்லிப்போட்டேன்.

"என்ற நம்பரு. அதை அழிக்கறதுக்கு எனக்கு உரிமை இல்லையா? அந்த நம்பரைக் கீறி வெச்சுட்டுத்தானே உங்கப்பன் தெனமும் பொழுது எறங்கி ஆறு மணிக்கு என்ற உசுரை எடுத்தாரு"ன்னேன்.

அவ அப்படியே என்னைப் பாத்தா. "தெனமுமா?"ன்னா.

இங்கதான் நீங்க முந்தி நடந்ததைத் தெரிஞ்சுக்கோணும். இல்லாட்டி என்னையத் தப்பா நெனைப்பீங்க. இந்தக் கிட்டுசாமி கல்யாணத்துல, ஊட்டு மாப்பிள்ளை நான், மொதப் பந்தியில எனக்கு எலை போடலைங்க. மில்லு ஆபீசருங்க நாலு பேரு வந்தாங்கன்னு அவிங்களை உக்கார வெச்சுட்டு, என்னையக் கையைப் புடிச்சு, மாப்பளே சித்தெ இருங்க, அடுத்த பந்தியில உக்காந்துக்கலாம்னாரு ஆறுச்சாமி. அத்தனை சனத்துக்கு மத்தியில. நான் அப்பவே எந்திரிச்சு இவளைக் கூட்டிட்டு வந்துட்டேன். இனி அந்த ஊட்டு வாசப்படியை நீயும் மிதிக்கக் கூடாதுன்னுட்டேன். மானமுள்ளவன் யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வான்.

அப்ப எங்கூட்டுல போன் கெடையாதுங்க. ஊடு சவுரிபாளையம், பட்டறை கணபதி. போனு பட்டறையில மட்டுந்தான். அவரு அங்க அடிக்க ஆரம்பிச்சாரு. "மாப்பளைங்களா, நான் ஆறுச்சாமி. புள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசோணுங்க." அவ பட்டறைக்கா வர்றா? நான் என்ன பண்றது? வேலையா இருக்கறான்னேன். மறுநாளும் அடிச்சாரு. ஊட்டுல இருக்கறான்னேன். மறுநாளும். அப்ப, நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க மாப்பளே, நாளைக்குப் பட்டறைக்கு வரச் சொல்லுங்க, இதே நேரத்துக்கு அடிக்கறேன்னாரு. பட்டறை என்ன டெலிபோன் பூத்தா? நாலு கஸ்டமரு நிக்கற நேரம். நீங்களே சொல்லுங்க.

அதனால ஒரு நா சொன்னேன். அவளுக்கு உங்ககிட்டப் பேச இஷ்டமில்லையாமுங்கன்னு.

ஒரு பேச்சுக்குத்தானுங்க சொன்னேன். அப்படிச் சொன்னா உட்டுருவாருன்னு. உடலை. ஒண்ணரை வருசம். இஷ்டமில்லீன்னாப் பரவால்லை, நல்லா இருக்கறாளான்னு மட்டும் சொல்லுங்கன்னுவாரு. இருக்கறான்னு சொல்லி வெப்பேன். நானும் கெட்டவன் இல்லீங்க, அதைச் சொல்லாம வெச்சதில்லை.

இவகிட்ட நான் எதையும் சொல்லலை. எதுக்குச் சொல்லோணும்? சொன்னா அழுவா, போகோணும்பா, மறுபடியும் சண்டை. இவளா எங்கப்பனுக்கு என் மேல கோவம், ஒரு போன் கூடப் பண்ணலைன்னு நெனைச்சுட்டிருந்தா. அப்பப்பச் சொல்லுவா. நான் ஒண்ணும் ஆமான்னு சொல்லலை, இல்லீனும் சொல்லலை. அப்பறம் அவரு செத்தாரு. எழவுக்குப் போனோம். அங்க கிட்டுசாமி இவளைப் பாத்து, "இப்ப எதுக்கு வந்தே? உனக்குத்தான் அப்பன் வேண்டாமே"ன்னு நாலு பேரு முன்னால கேட்டான். ஊருக்கு வராததைச் சொல்றான்னு இவ நெனைச்சுட்டா. அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போச்சு. அதுக்கும் நானா பொறுப்பு? அவிங்க வாயைத் தொறந்து கேட்டிருக்கலாமுங்களே.

சரி, அன்னைக்கு என்னாச்சுன்னா, தெனமுமான்னு கேட்டவ அப்படியே கீழ உக்காந்தா.

"என்னன்னு சொன்னீங்க அவருகிட்ட?"

"நீ வேலையா இருக்கறேன்னு சொன்னேன்."

"வேறென்ன சொன்னீங்க?"

"வேறென்ன சொல்லுவாங்க?"

மறுநாள் வெடியால எந்திரிச்சுப் பாக்கறேன், ஆளைக் காணோம். போனைக் காணோம். மகன்கிட்ட மட்டும் உடுமலை போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கறா. நாப்பது நாளாச்சுங்க. மகன் என்கூட நேராப் பேசறதில்லை. சாவியை மேசை மேல வெச்சிருக்கறேன்னு சொவத்தைப் பாத்துச் சொல்றான். நான் காத்தால எந்திரிச்சுக் காப்பி வெச்சுக் குடிச்சுட்டு இருக்கறேன். முப்பது வருசம் கூட இருந்தவ செய்யற வேலைங்களா இது?

இந்த ஞாயித்துக்கெழமை டாக்டரு பழைய போனெல்லாம் வெச்சு ஒரு கண்காட்சி போடறாரு. இதுதான் நடுவுல வெக்கறது, பேரு போட்டு, சீர் செய்தவர் குப்புராஜ்னு. அவருகிட்ட நான் என்னங்க சொல்லுவேன், பொண்டாட்டி தூக்கிட்டுப் போயிட்டான்னா? அதான் கெளம்பி வந்தேன். போனுக்குத்தான் வந்தேன். அவளைக் கூப்புடறதுக்கு வரலை. வந்தா வரட்டும்னு இருந்தேன், அது வேற.

புது ஊடு இன்னும் முடியலை, பக்கத்துலயே வாடகைக்கு இருக்கறாங்க. கிட்டுசாமி வாங்கன்னான். சேர் போட்டான். காப்பி வந்துது. அவ வந்து வாசக்காலைப் புடிச்சுட்டு நின்னா. இளைச்சிருப்பான்னு பாத்தேன், இல்லை, நல்லாத்தான் இருக்கறா.

கிட்டுசாமிதான் ஆரம்பிச்சான். "மச்சான், அப்பாவுக்குக் கடைசி ஒரு வருசம் கண்ணோட மறதியும் சேந்துக்குச்சு. முப்பது வருசம் போர்டுல இருந்த மனுசன், ஊரு நம்பரெல்லாம் மனப்பாடமா வெச்சிருந்தவரு, ஒவ்வொண்ணா மறந்துட்டே வந்தாரு. அக்கா நம்பரு மறந்து போயிருமோன்னு ஆணி கேட்டாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவரே கீறினாரு. ஒரு கையில தடவுவாரு, ஒரு கையில சுத்துவாரு. அக்கா பேச இஷ்டமில்லீன்னு சொல்லிருச்சுன்னு தெரிஞ்சும் சுத்துவாரு"ன்னான்.

நான் காப்பியைக் குடிச்சேன்.

அவ கேட்டா. "நான் பேச மாட்டேன்னு சொன்னதாச் சொன்னீங்களா?"

"கோவத்துல ஒரு வார்த்தை வர்றதுதான். அதையே புடிச்சுட்டுத் தொங்காதே"ன்னேன்.

"தப்புன்னு ஒருக்காச் சொல்லிருங்க. தம்பிக்கு முன்னால சொல்லிருங்க. நான் பையை எடுத்துட்டு வந்தர்றேன்"னா.

என்ன திமிரு பாருங்க. மச்சினன் முன்னால. மொதப் பந்தியில எனக்கு எலை போடாத ஊட்டுல நின்னுட்டு நான் தப்புன்னு சொல்லோணுமாமா. அவிங்க மொதல்ல எனக்குச் சொன்னாங்களா? கேட்டேன், அதையே கேட்டேன். கிட்டுசாமி தலையைக் குனிஞ்சுட்டான். "எந்தப் பந்தி மச்சான்?"ன்னான். நெசமாலுமே அவனுக்கு நெனப்பில்லையாமா. நம்புவீங்களா இதை?

"நான் போனுக்குத்தான் வந்தேன்"னு சொல்லிட்டேன்.

அவ சண்டைக்கு வருவான்னு நெனைச்சேன். எங்கப்பன் போனு, தர மாட்டேன்பா, நான் நாலு மாசம் ஒழைச்சதைச் சொல்லலாம்னு எல்லாம் யோசிச்சு வெச்சுட்டுப் போனேன். அவ உள்ள போனா, இந்தத் துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்து மடியில வெச்சா.

"எடுத்துட்டுப் போங்க. இது உங்க போனு. எங்கப்பா போனு இல்லை"ன்னா.

பையில போட்டுட்டு எந்திரிச்சேன். வாசல் வரைக்கும் வந்தா. வர்றாளோன்னு செருப்பை மாட்டறதுக்குச் சித்தெ நேரம் எடுத்துக்கிட்டேன். அப்பத்தான் கேட்டா.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரு கடைசியா எப்ப அடிச்சாரு? என்ன சொன்னாரு?"

நெனப்பில்லைன்னேன்.

சரிங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. கதவைக் கூடச் சாத்தலை.

நீங்களே சொல்லுங்க சார், எப்படிங்க நெனப்பிருக்கும்? இருபத்திநாலு வருசம். ஐப்பசி மாசம், தீவாளிக்கு முந்துன வாரம், செவ்வாக்கெழமை. மழை புடிச்சு ஊத்துது, கரண்டு இல்லை, ஒரு கெணத்து மோட்டாரு காயிலை வார்னிஷ்ல முக்கிட்டு இருக்கறேன். பொழுதோட ஆறு மணிக்கு அடிக்கறவரு அன்னைக்குக் காத்தால பதினொண்ணேகாலுக்கு அடிக்கறாரு. அவருதான்னு எனக்குத் தெரியும். உட்டுட்டேன். மூணு தாட்டி அடிச்சு நின்னுது. நாலாவது தாட்டி எடுத்தேன். "ஏனுங்க, இது யாரு ஊட்டு நம்பருங்க? இங்க கீறி வெச்சிருக்குதுங்க. யாருதுன்னு மறந்து போச்சுங்க. யாரோ எனக்கு வேணுங்கறவங்களாட்ட இருக்குது"ன்னாரு. கையெல்லாம் வார்னிஷு எனக்கு. ராங் நம்பருங்கன்னு சொல்லி வெச்சுட்டேன். மறுநாள் வெடியால ஆள் வந்துட்டாங்க, எழவு சொல்றதுக்கு.

இதையெல்லாம் யாராச்சும் நெனப்பு வெச்சுட்டு இருப்பாங்களா?